சிவப்புத் தொப்பி போட்ட வசனம்

கல்லுமலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தர வகுப்பறையின் பின்சுவர் வெடித்தது மார்ச் மாதம். பெரிய எழுத்துத் திட்டம் வந்தது மே மாதம். முதலில் வந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதாக வந்ததற்கு மாலை போட்டு, வெற்றிலை கொடுத்து வரவேற்றார்கள்.

வெடிப்பு ஆரம்பத்தில் பல்லி புகும் அகலத்தில்தான் இருந்தது. சித்திரை மழைக்குப் பிறகு பிள்ளைகளின் கை புகுந்தது. சுவருக்குப் பின்னால் மழைநீர் ஓடும் ஒரு கான், கானுக்கு அப்பால் செங்குத்தான மேடு, மேட்டின்மேல் தேயிலை. பிள்ளைகள் தேய்ந்த பென்சில்களை வெடிப்புக்குள் போட்டுவிட்டு, மறுபக்கம் ஓடிப்போய்க் கானில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விழுந்திருக்கும். மே மாதத்தில் விழவில்லை. மேட்டு மண் இறங்கிக் கானை மூடிவிட்டு, சுவரின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் தரத்துக்கு எல்லாப் பாடமும் எடுத்தவர் ஜெயந்தினி டீச்சர். டிக்கோயாவில் வீடு. இரண்டு பஸ் மாறி, மிச்சத்தை நடந்து வருகிறவர். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. அனுபவம் போதாத காரணத்தால், சுவர் வெடித்திருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினால் மேலிடம் வந்து சுவரைக் கட்டும் என்று அவர் நம்பினார்.

பாடசாலை அதிபர் இராமையா அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர் எதையும் கெடுக்க மாட்டார்.

"தமிழ்ல எழுதாதீங்க டீச்சர். அங்க ஒவ்வொரு மேசையிலயும் தூங்கும். இங்கிலீசுல எழுதுங்க. பயந்துகிட்டு ஒடனே எடுப்பாங்க" என்றார்.

உடனே எடுத்தார்கள். பத்து நாளில் பதிலும் வந்தது. டீச்சர் அனுப்பிய அதே கடிதம், நாலு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அதோடு ஒரு குறிப்பு இணைத்துத் திரும்பி வந்திருந்தது. வலயக் கல்விப் பணிமனையில் ஆரம்பக் கல்வி இணைப்பாளராக இருந்த கஜேந்திரன் அதில் கையெழுத்திட்டிருந்தார். தங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் பெரிய எழுத்து வர வேண்டிய இடத்தில் சிறிய எழுத்து வந்துள்ளது, ஓரிடத்தில் முற்றுப்புள்ளி காணப்படவில்லை, ஆசிரியரின் நிலையே இதுவென்றால் மாணவரின் நிலை பெரும் கவலைக்குரியது, எனவே தங்கள் பாடசாலை "பெரிய எழுத்து மற்றும் நிறுத்தற்குறி விசேட மேம்பாட்டுத் திட்டத்தின்" மாதிரிப் பாடசாலையாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளது, வாழ்த்துகள்.

சுவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் இல்லை.

அடுத்த வாரமே கஜேந்திரன் வேனில் வந்து இறங்கினார். மழைக்கோட்டு, கழுத்துப் பட்டி, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. கூடவே இரண்டு பேர் சுருட்டிய பெனர் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் அவர் கண் நேரே வெடிப்பில் விழுந்தது. டீச்சருக்கு உயிர் வந்தது.

"சேர், நான் எழுதியிருந்தேனே, அந்தச் சுவர்..."

"பார்த்தேன் டீச்சர், பார்த்தேன். பார்க்க அசிங்கமா இருக்குது. பணிப்பாளர் வாற இடம். அதுக்குத்தானே பெனர் கொண்டாந்திருக்கோம்."

பெனரை அவர்கள் சுவரில் அடித்தார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் சுவரிலிருந்து ஒரு கைப்பிடி மண் உதிர்ந்தது. கடைசி ஆணி இறங்கியபோது பின்னால் என்னவோ முனகியது. பெனரில் வலயக் கல்விப் பணிப்பாளரின் படம் ஆளுயரத்துக்குச் சிரித்தது. "பெரிதாகத் தொடங்கு, புள்ளியில் நிறுத்து" என்று அதன் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. வெடிப்பு முழுவதும் பணிப்பாளருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கஜேந்திரன் தூர நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

போகும்போது டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள நிரந்தரமாக்கிற சிபாரிசு எங்கிட்டத்தான் வரும். திட்டம் நல்லா நடந்தா நானே கையோட கொண்டுபோய்க் குடுப்பேன்" என்றார். திட்டம் நல்லா நடக்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் செயலமர்வு நடந்தது. ஆசிரியர்களுக்குப் பைல், பேனா, மத்தியானச் சாப்பாடு. குத்துவிளக்கு ஏற்றப் பதினொரு பேர் மேடையேறினார்கள். திரி ஐந்துதான் இருந்ததால் மிச்ச ஆறு பேர் எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பணிப்பாளர் பேசினார்.

"மலையகச் சமூகம் ஏன் முன்னேறவில்லை? லயக் காம்பராவா காரணம்? இல்லை. சம்பளமா? இல்லவே இல்லை. பாடசாலைக் கட்டடமா? சிலர் அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். நான் இதை ஆராய்ந்தேன். வசனத்தின் முதல் எழுத்தைச் சிறிதாக எழுதுகிற சமூகம் தன்னையும் சிறிதாகவே நினைத்துக்கொள்கிறது. முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவன் எதையும் முடிக்க மாட்டான். நான் ஆரம்பித்த எந்தத் திட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த வருடமே முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன்!"

கைதட்டல் நிற்க நேரமானது. பணிப்பாளர் தான் சொன்னதைத் தானே வியந்தபடி அமர்ந்தார்.

திட்டத்தை மும்மொழியிலும் அமுல்படுத்த வேண்டும் என்று சுற்றுநிருபம் சொன்னது. ஜெயந்தினி டீச்சர் எழுந்து, தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று கிடையாதே, என்ன செய்வது என்று கேட்டார். மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது. கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கஜேந்திரன் பொறுமையாகப் பதில் சொன்னார். "அது தமிழோட குறைபாடு டீச்சர். அதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது. ஆனா மொழி பின்தங்கியிருக்குன்னு திட்டம் பின்தங்கக் கூடாது. மொத எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசா எழுதச் சொல்லுங்க."

அதன்படி மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் 'அம்மா' என்பதில் அகரத்தைப் பூசணிக்காய் அளவிலும் மிச்சத்தைக் கடுகு அளவிலும் எழுதப் பழகினார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு அம்மாதான் கொண்டது.

ஆடி மாதம் திட்டத்துக்குத் திறப்பு விழா என்று முடிவானது. மாதிரிப் பாடசாலை செய்து காட்ட வேண்டியது 'உயிருள்ள வசனம்'. அதாவது ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எழுத்து. ஆங்கில எழுத்து எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முதல் எழுத்தாக நிற்கிற பிள்ளைக்குச் சிவப்புத் தொப்பி. கடைசியில் ஒரு பிள்ளை குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கையால் முழங்காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் முற்றுப்புள்ளி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மட்டை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். அது இடைவெளி.

தொப்பியாகத் தெரிவானவள் அப்ரா. பஜாரில் சாமான் கடை வைத்திருக்கும் ஹமீதின் மகள். தொப்பி விற்றவரும் ஹமீத்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

"ஒரே ஒரு தொப்பிதானா டீச்சர்? மத்த எழுத்துக்கெல்லாம் மழைல தலை நனையாதா? மொத்தமா எடுத்தா கொறச்சுப் போட்டுத் தரலாம்" என்று கேட்டுப் பார்த்தார்.

"சின்ன எழுத்துக்குத் தொப்பி போட்டா பிழையாகிடும் ஹமீத் நானா."

"எனக்கு இந்தப் படிப்பு வெளங்குதில்ல. சொவர் ஒடஞ்சீக்கிது, தொப்பி வாங்குறாங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே பில் எழுதினார்.

இடைவெளியாக நிற்கக் கிடைத்த பிள்ளைகளின் வீடுகளில் சண்டை வந்தது. "எம் புள்ளைக்கு மட்டும் ஒரு எழுத்துக்கூடக் குடுக்க மனசு வரலியா டீச்சர்? அவ என்ன பாவம் செஞ்சா?" என்று ஒரு தாய் அழுதேவிட்டாள். இடைவெளி இல்லாவிட்டால் வசனமே விளங்காது என்று டீச்சர் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

முற்றுப்புள்ளி ஆனது தனுஷியா. வகுப்பிலேயே சின்னவள். அவள் தாய் ஜீவராணி மேற்பிரிவில் கொழுந்து பறிப்பவள். தனுஷியா குந்தினால் உருண்டையாக வருகிறாள் என்பதே அவளைத் தெரிவு செய்யக் காரணம். தாய்க்கு இதெல்லாம் தெரியாது.

ஒத்திகை தினமும் பாடசாலை தொடங்குமுன் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பனி விலகாத காலையில் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். கஜேந்திரனின் ஆள் ஒருவர் விசில் ஊதி, மட்டையில் தாளை வைத்துப் பெயரைக் கூப்பிட்டு அடையாளம் போட்டார். பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. லயத்து வீடுகளின் வாசலில் அவர்கள் விளையாடும் விளையாட்டே பெரட்டுத்தான், தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் எடுப்பதைப் போல. ஒருவன் வேலை பிரிக்கும் கண்டாக்காக நின்று விசில் ஊதுவான், மற்றவர்கள் ஓடி வந்து வரிசையில் நிற்பார்கள், பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி.

ஒருநாள் பெரட்டு முடிந்து, அன்றைக்குக் கொழுந்து எடுக்கிற மலை எது என்று தெரிந்துகொண்டு ஜீவராணி கூடையோடு பாடசாலைப் பக்கமாக வந்தாள். தோட்டத்தில் காலை வேளையில் விசிலும் வரிசையும் பெயர் கூப்பிடுவதும் ஒன்றே ஒன்றுக்குத்தான். அவள் வரிசையைப் பார்த்தாள். விசிலைப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் ஈரத்தில் குந்தியிருந்த தன் மகளைப் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எவன்டா எம் புள்ளைய பெரட்டுல நிப்பாட்டுனது? ஏழு வயசு புள்ள பேர செக்ரோல்ல ஏத்துறீங்களா? நாங்க மழையில நிக்கிறது போதலியா ஒங்களுக்கு?"

விசில்காரர் பின்வாங்கி அதிபர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். ஜெயந்தினி டீச்சர் வந்து, இது பெரட்டு இல்லை, ஆங்கிலப் பாடம், தனுஷியாதான் முற்றுப்புள்ளி என்று விளக்கினார். ஜீவராணி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப இவ படிக்கிற படிப்பு இதுதானா? குந்துறது?"

டீச்சர் தனுஷியாவைத் தூக்கி நிறுத்தி, பாவாடையிலிருந்த ஈரத்தைத் தட்டிவிட்டார்.

"சரி, குந்தட்டும். ஆனா டீச்சர், அந்தச் செவுத்துப் பக்கத்துல குந்த வைக்காதீங்க. நேத்து அதுக்கு மேலதான் எங்களுக்குக் கொழுந்து நெர. கால வச்சா மண்ணு மெத்த மாதிரி அமுங்குது. பெரியவங்ககிட்ட எழுதிச் சொன்னீங்களா?"

"எழுதினேன் அக்கா."

"என்னா சொன்னாங்க?"

கடிதத்தில் முற்றுப்புள்ளி இல்லை என்று சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வது? ஜெயந்தினி டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது.

பணிமனை கொடுத்த வசனம் 'நமது பணிப்பாளர் அன்பானவர்' என்பது. அன்று வீட்டுக்குப் போனதும் டீச்சர் மட்டைகளை எடுத்து மறுபக்கத்தில் வேறு எழுத்துகளை எழுதினார். 'எங்கள் சுவர் உடைந்திருக்கிறது.' ஆங்கிலத்தில் அதைக் கொட்டை எழுத்தில், ஒரு முழ உயரத்துக்கு எழுதினார். ஒழுங்காகப் பெரிய எழுத்தில் தொடங்கினார். கடிதத்தைத்தான் படிக்கவில்லை, பிள்ளைகள் தூக்கிப் பிடித்தால் படிக்காமலா போவார்கள்?

போனார்கள். முதல் மேற்பார்வைக்குக் கஜேந்திரனே வந்தார். வரிசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பேனாவைக் கையில் பிடித்தபடி நடந்தார். தொப்பியைச் சரித்து வைத்தார். இடைவெளிகளைத் தோளைப் பிடித்து நேராக்கினார். தனுஷியாவின் முன்னால் குனிந்து, "இன்னும் கொஞ்சம் உருண்டையா, மகள்" என்றார். 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வசனம் எப்படி சேர்?" என்று டீச்சர் கேட்டார்.

"அருமை. ஒரு குறையும் இல்ல."

இரண்டாவது குழுவில் மூன்று பேர் வந்தார்கள். எழுத்துகளின் உயரத்தை அளந்தார்கள். மூன்றாவது குழு வரிசையைப் படம் பிடித்துக் கொண்டுபோய், பணிமனைச் சஞ்சிகையின் அட்டையில் போட்டது. வலயம் முழுவதும் எல்லாப் பாடசாலைக்கும் அந்த அட்டை போனது. எங்கள் சுவர் உடைந்திருக்கிறது என்று பத்தொன்பது பிள்ளைகள் வண்ணத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாராட்டி ஏழு கடிதங்கள் வந்தன.

விழா நாளன்று விடிந்ததிலிருந்து மழை. முற்றத்தில் போட்டிருந்த பந்தல் வயிறு தொங்கி ஒழுகியது. பணிப்பாளர் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிள்ளைகள் தட்டுத் தட்டாக வெற்றிலை நீட்டினார்கள். அதிதிகளின் நாற்காலிகளை வகுப்பறை வராந்தாவுக்கு மாற்றினார்கள். ஆறு பேர் பேசினார்கள். அறுவரும் நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வகுப்பறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெனரில் பணிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். மழையில் அவரது வயிறு லேசாக முன்னுக்குத் தள்ளத் தொடங்கியதை டீச்சர் கவனித்தார். சுவர் பெனரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

டீச்சர் வராந்தாவுக்கு ஓடினார். "சேர், பிள்ளைகள வெளியில எடுப்போம். சுவர் வருது."

"மழையிலயா? மட்டையெல்லாம் நனைஞ்சு எழுத்துக் கரைஞ்சா யார் பதில் சொல்றது? வசனம் உள்ளேயே நிக்கட்டும். பணிப்பாளர் கதவால பார்ப்பார்" என்றார் கஜேந்திரன்.

"சேர், சுவர்..."

"டீச்சர்! சிபாரிசு என்ட மேசையில இருக்கு."

அதைச் சொல்லிவிட்டு அவர் பைக்குள்ளிருந்து விசிலை எடுத்து ஊதினார். உள்ளே வரிசை நிற்கட்டும் என்பதற்காகத்தான் ஊதினார்.

விசில் கேட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்பன், ஆத்தா, அத்தை யாரும் கூரைக்குக் கீழே பெரட்டு நின்றதை அவர்கள் பார்த்ததில்லை. பெரட்டு வெளியில்தான். மழையிலும் வெளியில்தான். பத்தொன்பது பேரும் ஒரே பாய்ச்சலில் எழுந்து, அதிதிகளின் முழங்காலை இடித்து, குத்துவிளக்கைச் சாய்த்து, வராந்தாவைத் தாண்டி முற்றத்துச் சேற்றில் போய் வரிசையாக நின்றார்கள். அப்ரா தொப்பியைப் போட்டுக்கொண்டாள். தனுஷியா கடைசியில் போய்க் குந்தினாள்.

"ஒழுக்கமில்லாத பிள்ளைகள்! உள்ள வாங்க! உள்ள வாங்க எல்லாரும்!" என்று கஜேந்திரன் குடையோடு கத்தினார்.

ஒருவர்கூட அசையவில்லை. பெயர் கூப்பிடாமல் பெரட்டை விட்டு யார் போவார்கள்?

அப்போதுதான் பின்சுவர் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டை ஒன்றை இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது. மண்ணும் கல்லும் இரண்டு தேயிலைச் செடியும் பெனரோடு உள்ளே வந்து, மேசைகளை நசுக்கி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த தரையை நெஞ்சளவுக்கு மூடி, வாசல்படியில் நின்றன. வாசல்படியில் கழற்றிவிட்டிருந்த பணிப்பாளரின் ஒரு செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. பெனரில் அவரது வாய் மட்டும் வெளியே தெரிந்தது.

ஜெயந்தினி டீச்சர் மழையில் ஓடிப்போய் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

விசாரணைக் குழு ஒன்று கூடியது. சுவர் ஏன் விழுந்தது என்று அது கேட்கவில்லை. பிள்ளைகள் ஏன் தப்பினார்கள் என்றுதான் கேட்டது. பதிலும் அதனிடமே இருந்தது. பெரிய எழுத்து மற்றும் நிறுத்தற்குறித் திட்டத்தினால் மாணவரிடையே ஏற்பட்ட ஒழுங்கும் கட்டுப்பாடுமே பத்தொன்பது உயிர்களைக் காத்தன, எனவே இத்திட்டத்தை மாகாணம் முழுவதற்கும் விரிவுபடுத்தலாம் என்று அறிக்கை முடிந்தது. பணிப்பாளருக்குப் பதவி உயர்வு பேசப்பட்டது. செருப்புக்கு நட்டஈடு கிடைத்தது. பாடசாலைக்கு ஒரு கேடயம் அனுப்பினார்கள். வகுப்பறைச் சுவரில் யாவரும் காணும்படி மாட்டவும் என்று அதனோடு குறிப்பு இருந்தது.

மூன்றாம் தரம் ஹமீத் கொடுத்த தறப்பாளின் கீழ் நடந்தது. காற்றடித்தால் பாடம் நிற்கும். மழை வந்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். மலையில் மழை வராத நாள் எது? கேடயத்தை அதிபர் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

செப்டெம்பரில் கஜேந்திரன் தொடர் மதிப்பீட்டுக்கு வந்தார். தறப்பாளுக்குள் குனிந்து நுழைந்து, தனுஷியாவைக் கூப்பிட்டு, கரும்பலகையில் சொந்தமாக ஒரு வசனம் எழுதச் சொன்னார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். எங்களுக்கு வகுப்பறை இல்லை. ஆங்கிலத்தில், பிழையில்லாமல், பெரிய எழுத்தில் தொடங்கிப் புள்ளியில் முடித்தாள். புள்ளியை மட்டும் இரண்டு தடவை அழுத்திப் போட்டாள்.

கஜேந்திரன் முதல் எழுத்துக்கு ஒரு சரி போட்டார். புள்ளிக்கு ஒரு சரி போட்டார். நடுவில் இருந்ததை அவர் பேனா தொடவில்லை. "பாருங்க டீச்சர், இதுதான் முன்னேற்றம்!" என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் புறப்பட்டுவிட்டார்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு மகளைக் கூட்டிப்போக ஜீவராணி வந்தாள்.

"வந்தவரு என்னாங்க சொன்னாரு டீச்சர்?"

"மிக நன்றுன்னு எழுதிட்டுப் போயிட்டார்."

"எது நன்று?"

டீச்சர் பலகையைக் காட்டி, எழுதியிருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னார். ஜீவராணி இரண்டு தடவை அழுத்திய புள்ளியை விரலால் தொட்டாள்.

"நாங்க பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் பிந்துனா அரப்பேரு. கொழுந்து கொறஞ்சா அரப்பேரு. இவுங்களுக்கு யாருங்க டீச்சர் பெரட்டு வைக்கிறது?"

மறுநாள் மேற்பிரிவில் பெண்கள் யாரும் பெரட்டுக்களத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள். கல்விப் பணிமனைக் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். காவலாளியைத் தவிர உள்ளே யாரும் இல்லை. எட்டு மணிக்கும் இல்லை. ஒன்பதுக்கு ஒரு எழுதுவினைஞர் வந்தார். "அரப்பேரு!" என்றாள் ஜீவராணி. பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

ஜெயந்தினி டீச்சரும் வந்திருந்தார். லீவு போடாமல் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு மட்டைகளைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். எங்களுக்கு வகுப்பறை இல்லை என்று பிள்ளைகள் தூக்கிப் பிடித்தார்கள்.

ஒன்பதரைக்குக் கஜேந்திரன் வந்தார். வரிசையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வெளிக்களச் செயற்பாடா டீச்சர்? சொல்லவே இல்லையே! நல்லது, நல்லது. ஆனா முன்னுக்கு நிக்கிற பிள்ளைக்குத் தொப்பி எங்க?"

அப்ரா பையைத் திறந்து சிவப்புத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்பத்தான் சரி. முற்றுப்புள்ளி?"

தனுஷியா நடந்து போய், கேட்டின் நட்டநடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினாள். ஜீவராணி போய் அவள் பக்கத்தில் குந்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. இடைவெளியாக நின்ற பிள்ளையின் தாய், அன்றைக்கு அழுதவள், படங்கை விரித்து அகலமாகவே உட்கார்ந்தாள். கேட் இந்தப் பக்கத்துத் தூணிலிருந்து அந்தப் பக்கத்துத் தூண் வரை நிறைந்துவிட்டது.

"என்ன இது? ஒரு வசனத்துக்கு ஒரு முற்றுப்புள்ளிதாம்மா! எழும்புங்க! டீச்சர், இவங்கள எழுப்புங்க. உங்கட சிபாரிசு இன்னும் என்ட மேசையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்!"

மேசை கேட்டுக்கு உள்ளே இருந்தது. ஜெயந்தினி டீச்சர் அவரைப் பார்த்தார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஜீவராணி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.

பின்னால் பணிப்பாளரின் ஜீப் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

"என்ன கஜேந்திரன், என்ன வேணுமாம் இவங்களுக்கு?"

கஜேந்திரன் ஒரு முழ உயரத்து எழுத்துகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, வரிசையை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை இன்னொரு தடவை பார்த்தார்.

"தெரியல்ல சேர். ஆனா முற்றுப்புள்ளி கூடிப்போச்சு."

ஜீவராணி மடியில் முடிந்து வந்திருந்த ரொட்டியைப் பிரித்து, பாதியைப் பிய்த்து டீச்சரிடம் நீட்டினாள்.